கரும்பலகையில் நாலு மணி

நீர்நாய்ப் பாறையின் பாதியைக் கடல் விழுங்கியிருந்தது. கொதிக்கிற கேத்தலை அப்படியே விட்டுவிட்டு இஷ்பெல் கடை ஜன்னலுக்கு ஓடினாள். மணி மூன்றுதான் ஆகியிருந்தது. அந்தப் பாறை நனைந்தால் தீவுக்குப் போகும் மணல்பாதையைக் கடல் மூடப்போகிறது என்று அர்த்தம். அது நாலு மணிக்கல்லவா நடக்க வேண்டும்? 'தீவுக்குப் பன்னிரண்டு முதல் நாலு வரை போய் வரலாம்' என்று வாசல் கரும்பலகையில் காலையில் எழுதியவளே அவள்தான்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பலகை அவள் ராஜ்ஜியம். அருவிக்கு எது வழி, கல்வட்டம் எத்தனை மைல் என்று வருகிறவர்கள் கேட்டால் ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கடல் ஏறி இறங்கும் நேரத்தை மட்டும் வேறொருவர் எழுத விடமாட்டாள். போன வருஷம் ஒரு மனுஷன் காரைத் தண்ணீருக்குப் பறிகொடுத்துவிட்டு நின்றபோது, "பலகையப் படிக்கத் தெரியாதவனுக்குக் காரு ஒரு கேடா?" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அவ்வளவு வாய்.

ஆணியில் தொங்கிய கடல் நேரப் புத்தகத்தைப் பிடுங்கிப் பிரித்தாள். கோடையில் நாடே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைக்கும். புத்தகம் மட்டும் குளிர்கால நேரத்திலேயே இருக்கும். அதனால் ஒரு மணியைக் கூட்டித்தான் பலகையில் எழுத வேண்டும். இத்தனை வருஷத்தில் அவள் கை அதைத் தானாகவே கூட்டும். ஆனால் பழைய புத்தகம் நேற்று டீ கொட்டி ஊறிப்போனதால், துறைமுகத்துக் கடையில் வேறொன்று வாங்கி மாட்டியிருந்தாள். அதன் முதல் பக்க அடியில் பொடி எழுத்து: 'கோடைக்கால ஒரு மணி சேர்க்கப்பட்டுள்ளது.'

அவள் அதற்கு மேல் இன்னொரு மணியைச் சேர்த்துவிட்டாள்.

"அடிப் பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கிளாஸ்கோவிலிருந்து காரில் வந்த குடும்பம் தீவுக்குப் போயிருக்கிறது. கேவின், அவன் மனைவி லோர்னா, ஆறு வயசு மெய்ரி. லோர்னா பலகைக்கு முன்னால் நின்று வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கிளம்பினாள். "இடிஞ்ச கோயில்கிட்ட ஒரு கிணறு இருக்கு, பாத்துட்டு வாங்க. நாலு மணி வரைக்கும் நேரம் கெடக்கு" என்று அனுப்பிவைத்ததே இவள்தான். இப்போது மணல் நடுவில் மூன்று புள்ளிகள் நிதானமாக வந்துகொண்டிருந்தன. அவர்களுக்கும் கரைக்கும் நடுவே இருந்த தாழ்வான வாய்க்காலில் கடல் நிரம்பிக்கொண்டிருந்தது.

"மர்டோ! டிராக்டர எடு!"

மூலை மேசையில் ஆடு வளர்க்கும் மர்டோ நிமிர்ந்தான். "சூப்பக் குடிச்சிட்டு வர்றேனே."

"சூப்பு நாசமாப் போக! புள்ள முங்கப்போவுதுய்யா!"

டிராக்டரின் பின்னால் தொற்றிக்கொண்டு போகும்போதே, பலகையில் தப்பாக எழுதியதைக் கத்திச் சொன்னாள். மர்டோ ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை முடுக்கினான். வாய்க்காலில் இறங்கியதும் தண்ணீர் பெரிய சக்கரத்தில் பாதிக்கு வந்தது. "நின்னா புதையும், விரட்டினா இஞ்சினுக்குள்ள தண்ணி போவும்" என்று முனகினான்.

"பேசாமப் போய்யா!"

அந்தப் பக்கம் கேவினின் தோளில் மெய்ரி வீறிட்டுக்கொண்டிருந்தாள். லோர்னாவுக்கு இடுப்பளவு தண்ணீர். டிராக்டர் பத்தடி தூரத்தில் இருக்கும்போது அவள் கால் வழுக்கியது, ஆள் மறைந்தாள். இஷ்பெல் குதித்துவிட்டாள். குளிர் மூச்சை அடைத்தது. கைக்குச் சிக்கிய சட்டைக் காலரை விடாமல் இழுத்து, எப்படியோ வண்டியில் ஏற்றினாள்.

பயம் தெளிந்ததும் கேவின் லோர்னா மேல் பாய்ந்தான். "நாலுன்னு நீதானடி சொன்ன? ஒரு பலகையக்கூட ஒழுங்காப் படிக்கத் தெரியல. புள்ளயக் கொன்னுருப்ப இன்னைக்கு!"

"நாலுன்னுதான் போட்டிருந்துச்சு..." லோர்னாவின் பற்கள் அடித்துக்கொண்டன.

"மறுபடியும் அதையே சொல்ற பாரு!"

லோர்னா இஷ்பெல் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிருங்க. என்னாலதான் உங்களுக்கும் இந்தக் கஷ்டம்."

இஷ்பெல் முகத்தைத் திருப்பிக் கரையைப் பார்த்தாள்.

கரையில் ஊரே கூடியிருந்தது. "இன்னொரு படிக்கத் தெரியாத கூட்டம்!" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. அவள் சொல்லிக் கொடுத்த சிரிப்புதான். மர்டோ அவள் காதோரம் குனிந்தான். "உசுரோட வந்துட்டாங்கல்ல. முன்னாடி போயி பலகைய அழிச்சிடு. வாயத் தொறக்காத."

அவள் எல்லாருக்கும் முன்னால் நடந்தாள். பலகை எட்டும் தூரத்தில் இருந்தது. சட்டைக் கை ஏற்கெனவே ஈரம். ஒரு துடைப்புப் போதும். பின்னால் மெய்ரி அப்பாவிடம் கேட்டாள்: "அம்மாவுக்கு நெசமாவே படிக்கத் தெரியாதாப்பா?"

இஷ்பெல் பலகையைக் கழற்றினாள். கேவினின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "படி. சத்தமா, எல்லாருக்கும் கேக்கட்டும்."

அவன் படித்தான். நாலு என்ற இடத்தில் குரல் இறங்கியது.

"உன் பொண்டாட்டி சரியாத்தான் படிச்சா. தப்பா எழுதுனவ நான்."

லோர்னா பலகையைப் பார்த்தாள். "மூணு தடவ படிச்சேன்" என்றாள், புருஷனைப் பார்த்து. அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. கேவின் நீட்டிய கையை அவள் தொடவில்லை. இஷ்பெல் கொண்டுவந்த கம்பளியையும் வாங்கவில்லை. மெய்ரியைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தாள்.

இஷ்பெல் கம்பளியும் பலகையுமாக வாசலிலேயே நின்றாள். உள்ளே கேத்தல் தண்ணீர் வற்றித் தீய்ந்துகொண்டிருந்தது.