கணக்கில் வராத மாத்திரை

எங்கள் ரப்பர் தோட்டத்தில் டிஸ்பென்சரி மாத்திரையை யாரும் மருந்தாகவே மதிப்பதில்லை. தலைவலிக்கும் அதே வெள்ளை மாத்திரை, இடுப்புவலிக்கும் அதே வெள்ளை மாத்திரை. கடதாசி உறையில் போட்டுச் சும்மா கொடுப்பதெல்லாம் நோய்க்குக் கேட்குமா என்பது லயத்து வீடுகளின் தீர்ப்பு. நானும் அந்தக் கட்சிதான்.

ரப்பர் மலையில் நனைந்து வந்த என் வீட்டுக்காரர் கிருஷ்ணகுமார் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆறு மணி நேரத்துக்கொரு தரம் டிஸ்பென்சரி மாத்திரை இரண்டு கொடுத்தேன். அது போதாதென்று, கடையில் வாங்கிய பெனடோலையும் நடுவில் கொடுத்தேன். சோறு இறங்கவில்லை. காய்ச்சலும் விடவில்லை.

மறுநாள் காலையில் யட்டியாந்தோட்டை மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கும் ஷிப்னா இருந்தாள்.

"பெனடோலுக்கு மேல பவரா ஒண்ணு குடுங்க தங்கச்சி."

"நேத்துலேருந்து என்னென்ன குடுத்தீங்க அக்கா?"

"பெனடோல் நாலு."

"வேற ஒண்ணும் இல்லியா?"

"டிஸ்பென்சரி வெள்ள மாத்திர. அதெல்லாம் ஒரு மருந்தா?" என்று சிரித்துக்கொண்டே கைப்பையிலிருந்து உறையை எடுத்துக் காட்டினேன்.

ஷிப்னா சிரிக்கவில்லை. உறையையும் ஒரு பெனடோல் அட்டையையும் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டுலயும் பரசிட்டமோல்தான் அக்கா. பேருதான் வேற. பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல போகக் கூடாது. இது எத்தின குடுத்தீங்க?"

விரல் விட்டு எண்ணினேன். எட்டு. அதோடு நாலு, பன்னிரண்டு.

"ஈரல் பழுதாகிரும். ஆள் நல்லா இருக்காருன்னு நெனச்சு நிக்க வேணாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இந்த உறையையும் காட்டுங்க."

த்ரீவீலரில் அவரை ஏற்றிக்கொண்டு போனோம். மாமியார் இருளாயியும் வந்தார். என்ன மருந்து குடித்தீர்கள் என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார்.

"பெனடோல், நாலு," என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கும் அந்த வெள்ளை மாத்திரை கணக்கில் வரவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்மேல் பழி இல்லை. மாமியாரோ பழைய குற்றத்தையே பத்து வருஷம் சொல்லிக் காட்டுகிறவர். ஆனால் இவர் போய்விட்டால் எனக்கு யார்?

உறையை மேசையில் வைத்தேன். நாலு இல்லை, பன்னிரண்டு என்று சிங்களத்தில் சொன்னேன். மாமியாருக்கும் விளங்கட்டும் என்று தமிழிலும் சொன்னேன்.

"எல்லாம் நான்தான் குடுத்தேன்."

உடனே இரத்தம் எடுத்தார்கள். ஈரலைக் காக்கும் மருந்தை சேலைனில் ஏற்றினார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் சாதாரணக் காய்ச்சல் என்றே பார்த்திருப்பேன் என்றார் டொக்டர். நாலாம் நாள் ஆள் வீடு வந்து சேர்ந்தார்.

மாமியார் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம், தலையில் இறுக்கிக் கட்டிய துண்டோடு வந்து நின்றார். உள்ளங்கையில் இரண்டு வெள்ளை மாத்திரை.

"காலையில ரெண்டு பெனடோல் போட்டேன் தனுஜா. இதக் குடிக்கலாமா?"

"எத்தன மணிக்குப் போட்டீங்க அத்தை?" என்று கேட்டேன்.