சிங்கப்பூர் நாலு மணி நேரம்

"அந்த ஸ்டேட்டஸ எடு வெனிலா. இப்பவே எடு. உங்க மாமா பாத்துட்டா?"

அமல்ராணி மகளின் கையிலிருந்த செல்போனைக் கிட்டத்தட்டப் பிடுங்கினாள். தாத்தா இன்னாசிராஜின் படத்துக்குக் கீழே கண்ணீர் அஞ்சலி என்று போட்டிருந்தது. வெனிலா முணுமுணுத்துக்கொண்டே அழித்தாள்.

இன்னாசிராஜ் நேற்று மாலை புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். இப்போது விழுப்புரத்து வீட்டுக் கூடத்தில் பெட்டிக்குள் கிடக்கிறார். விஷயம் தெரு முழுக்கத் தெரியும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் வளனுக்கு மட்டும் தெரியாது.

"ஒண்டியா வர்ற புள்ளம்மா. நாலு மணி நேரம் ஃப்ளைட்ல அழுதுகினு வரணுமா? சீரியஸ்னு மட்டும் சொல்லு" என்று சித்தப்பா ஆரோக்கியராஜ்தான் சொன்னார். சாவுக்கு வருகிறவனிடம் யார்தான் சாவைச் சொல்கிறார்கள்? அமல்ராணியும் தம்பியிடம், அப்பா ஐசியூவில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். மெட்ராஸில் இறங்கிப் போன் செய்வான், அப்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

அந்த நாலு மணி நேரம் இன்னாசிராஜுக்கு மனப்பாடம். "ரயிலு மதுரைக்குப் போயி சேர்றதுக்குள்ள எம்மவன் சிங்கப்பூர்லேர்ந்து வந்துருவான்" என்று டீக்கடையில் அலட்டிக்கொள்வார். ரயில்வேயில் வேலை பார்த்தவர் சொன்னால் யார் மறுப்பது?

விமானம் காலை பத்தரைக்கே இறங்கிவிட்டது. வளனிடமிருந்து போன் வரவில்லை. இவர்கள் கூப்பிட்டாலும் போகவில்லை. அவனுடைய சிங்கப்பூர் சிம் இங்கே வேலை செய்யவில்லை என்பது மத்தியானத்துக்கு மேல்தான் வெனிலாவுக்கு உறைத்தது. அதற்குள் டாக்ஸி திண்டிவனத்தைத் தாண்டியிருக்கும். அங்கே ஒரு சாலை விழுப்புரத்துக்கு வருகிறது. இன்னொன்று கிளியனூர் வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறது. அவன் எதில் போயிருப்பான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அமல்ராணிக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

நாலு மணிக்குக் கோயிலில் பூசை. பங்குச்சாமியார் ஆறு மணிக்கு வேறு ஊரில் இருக்க வேண்டும். தள்ளிவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். பெட்டியை வீட்டிலேயே மூடித்தான் தூக்குவார்கள். ஆணி அடித்தால் அடித்ததுதான், அப்புறம் யாருக்காகவும் திறக்கமாட்டார்கள்.

மூன்று மணிக்கு மேல் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அமல்ராணி அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள்.

"அக்கா, வளன் பேசறேன். வாட்ச்மேன் போனு. ஐசியூல அப்பா பேரே இல்லன்றாங்க."

"வூட்டுக்குக் கூட்டினு வந்துட்டோம்டா" என்றாள்.

"டிஸ்சார்ஜா? தேவலையாயிடுச்சா?" அவன் சிரித்தேவிட்டான். "பேஜார் பண்ணிட்டியேக்கா! அப்பாகிட்ட போனக் குடு."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். வாசலில் பேண்டு செட்காரர்கள் சாமியார் வருவதைப் பார்த்துவிட்டு சாவுப் பாட்டை வாசிக்க ஆரம்பித்தார்கள். அவசரமாகப் போனைக் கையால் பொத்தினாள்.

வளன் என்ன சத்தம் என்று கேட்கவில்லை. "இங்கேர்ந்து எவ்ளோ நேரம்க்கா?" என்றான்.

"வளவனூர் வழியா ஒரு மணி நேரம்."

"எப்ப மூடறாங்க?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே கால்.

"நீ வா" என்றாள்.

கூடத்துக்கு வந்து பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் விளிம்பில் கையை வைத்துக்கொண்டாள். சாமியார் செபத்தை முடித்தார். சித்தப்பா கண்காட்ட, இரண்டு பேர் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அமல்ராணி கையை எடுக்கவில்லை.