காசு கொடுத்தால் ஊர் வரும்

செருப்பைக் கழற்றும்போதே லாரிச் சத்தம் கேட்டது. கூடத்தின் மூலையில், மச்சான் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர் முன்னால் மாமனார் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் விசைப்பலகையில். முதுகு நாற்காலியில் படவில்லை. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர் அப்படித்தான் உட்காருவார் போலிருக்கிறது, சாப்பிடும்போதுகூட. திரையில் மலைப்பாதை. இடது பக்கம் பாறை, வலது பக்கம் பள்ளம், பள்ளத்துக்குக் கீழே ஓர் ஊரின் விளக்குகள். ஒரு வளைவு திரும்பினார். அதே விளக்குகள், அதே தூரத்தில். இன்னொரு வளைவு. அதே விளக்குகள். இரவு வேலை முடிந்து வந்த எனக்குத் தூக்கம் போய்விட்டது. அது எங்கள் விளையாட்டு. நான் வேலை பார்க்கும் கம்பெனி செய்த ஒரே விளையாட்டு. அதில் ஊர் அப்படி எட்டாமல் நிற்பது ஒரே ஒரு சாதிக்குத்தான். திருட்டுக் காப்பி வைத்திருப்பவர்களுக்கு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு லாரியில் சரக்கு ஏற்றி மலையைத் தாண்டி அந்தப் பக்கத்து ஊரில் இறக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. சுடுவது, குத்துவது எதுவும் கிடையாது. மழை வரும், பனி வரும், பிரேக் சூடாகும். ஆறு பேர் மூன்று வருஷம் செய்தார்கள். நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன், எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. இரவு ஷிப்டில் உட்கார்ந்து, புகார் எழுதி வருகிறவர்களுக்குப் பதில் போடுவது என் வேலை. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நமக்கு ராத்திரி என்றால் விழித்திருக்கும் தேசங்களில் இருக்கிறார்கள். வெளியான மூன்றாம் நாளே திருட்டுக் காப்பி வந்துவிட்டது. ஒரு வாரம் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம் என்று கொடுத்திருந்தோம். அந்த வாரம் முடியாமலே இருப்பதற்காகக் கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் தள்ளிவைத்துக்கொண்டு ஓட்டினார்கள். அதைப் பிடிக்கத் தாடி ஒரு பொறி வைத்தான். தாடி எங்கள் புரோகிராமர். தாடியை எடுத்து இரண்டு வருஷமாகிறது, பெயர் மட்டும் நிற்கிறது. விளையாட்டு வெளியான தேதிக்கும் முந்தைய ஒரு தேதியில் ஒருவன் அதை விளையாடுகிறான் என்றால் அவன் திருடன். பிறக்காத குழந்தையை எவனாவது தூக்கிக் கொஞ்ச முடியுமா என்பது அவன் வாதம். அப்படிப்பட்டவனை வெளியே தள்ளவில்லை. மலை உச்சிவரை நன்றாக ஓட்டவிட்டு, அதற்கப்புறம் சுத்தல்ல விட்டோம். ஊர் கீழே தெரியும். பாதை இறங்கவே இறங்காது.

ஆபீஸில் அதற்கு அப்படிச் சிரித்தார்கள். "ஊர் வரமாட்டேங்குது, ஏதோ கோளாறு, சரிபண்ணுங்கள்" என்று மெயில் வரும்போதெல்லாம் நான் சத்தமாக வாசிப்பேன். திருடன் வந்து பூட்டு சரியில்லை என்று புகார் கொடுக்கிற மாதிரி. பதில் தயாராக இருந்தது. எல்லோருக்கும் ஒரே பதில், நான் எழுதியது: நீங்கள் விளையாடுவது திருட்டுக் காப்பி. காசு கொடுத்து வாங்குங்கள், ஊர் வந்துவிடும்.

சிலர் திருப்பி எழுதுவார்கள், நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன் என்று. எவன்தான் அப்படிச் சொல்லமாட்டான்.

விலையைப் பற்றி ஆபீஸில் தினம் சண்டை. எங்கள் முதலாளி ஒரு பெண், மேடம் என்போம். கணவரின் வீட்டை அடமானம் வைத்து இந்த விளையாட்டை முடித்தவர். விளையாட்டின் விலையில் என் வீட்டுக்கு இரண்டு வாரக் காய்கறி வாங்கலாம். "எவனும் காப்பி அடிக்கலன்னா நான் பாதி வெலைக்கே குடுத்துருவேன்" என்பார் மேடம். "பாதி வெலைக்குக் குடுத்தா எவன் மேடம் காப்பி அடிக்கப்போறான்?" என்பான் தாடி. "நீ மொதல்ல அவனுங்கள நிறுத்து." "நீங்க மொதல்ல கொறைங்க." இதுவும் ஒரு சுத்தல்தான், இதிலும் ஊர் வந்ததில்லை. போன மாதத்திலிருந்து மேடம் கணக்குப் பார்க்கிற நாட்களில் கதவைச் சாத்திக்கொள்கிறார். மூடப்போகிறார்கள் என்று என் மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன்.

நான் வீட்டோட மாப்பிள்ளை. அதையும் சொல்லிவிட வேண்டும். மாமனார் ஒரு நாளும் குத்திக் காட்டியதில்லை. ஆனால் யாராவது மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால் "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார். ராத்திரி போய்க் காலையில் வருகிற வேலை, பசங்க ஆடுகிற விளையாட்டுக்கு மெயில் எழுதுகிற வேலை. அதை அவர் எந்தக் கணக்கில் வைப்பார்? இப்போது அந்த வேலையையும் வீட்டுக்குள்ளேயே திருடி வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார். கம்ப்யூட்டரின் முன்பக்கம் ஒரு பென்டிரைவ் சிவப்புக் கயிறு கட்டித் தொங்கியது. எவனோ கொடுத்திருக்கிறான். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"எங்க புடிச்சீங்க மாமா இத?"

"வாங்க மாப்பிள்ளை. என்ன இது, மலை எறங்கவே மாட்டேங்குது. நாலு நாளாச்சு. சரக்கு அழுகிருக்கும்."

"எறங்காது."

"ஏன்?"

"இது திருட்டுக் காப்பி. காசு குடுத்து வாங்கினா ஊர் வரும்."

அதே வாக்கியம். முகம் தெரியாத யாருக்கோ எழுதி எழுதி விரல் பழகிய வாக்கியம், வாயிலும் அப்படியே வந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமனார் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. சோதனைச் சாவடியில் காகிதமெல்லாம் சரியாக வைத்துக்கொண்டும் வண்டியை ஓரம் கட்டச் சொல்லப்பட்டவர் மாதிரி பார்த்தார். லாரியை நிறுத்தினார், கைபிரேக் போட்டார், எழுந்து போய்ச் சுவரில் சுவிட்சை அணைத்தார். வாசல் படியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் மாப்பிள்ளை இல்லை. "அவரச் சாப்பிடச் சொல்லு" என்பார் மகளிடம், நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போது. "அவரு தூங்கணும்னா ஜன்னலச் சாத்திக்கச் சொல்லு." கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டு விழுந்தது. எனக்கும் வீம்பு. செய்த தப்பை ஒத்துக்கொண்டால் முடிந்தது, வயசுக்கு மரியாதை தனி, திருட்டு தனி என்றெல்லாம் மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். இரவு முழுக்கத் தனியாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு மனசுக்குள் பேச நேரம் நிறைய.

மூன்றாம் நாள் காலை, மனைவி வேலைக்குக் கிளம்பும்போது தலை வாரிக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அது நான் வாங்கினது."

"எது?"

"லாரி. என் கார்டுல வாங்கினேன். அப்பாவோட காசு. ஆபீஸ் லேப்டாப்புல எறக்கி அந்தப் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தேன். வாங்கினதுக்குக் கடையில குடுத்த நம்பரெல்லாம் அவரே ஒத்த வெரலால அடிச்சாரு, அரைமணி நேரம். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு, அதான் வாய மூடிட்டு இருந்தேன்."

"எங்கிட்டக் கேட்டா சும்மாவே குடுத்திருப்பேனே."

"அதான் கேக்கல. சும்மா குடுத்தா வித்த கணக்குல வராதாம். கம்பெனிய மூடப்போறாங்கன்னு நீங்கதான மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தீங்க. ஒண்ணு வித்தா ஒண்ணு ஆச்சுல்லன்னாரு."

"வெல கேட்டு என்ன சொன்னாரு?"

"இதுக்குத் தேஞ்ச டயர் ஒண்ண ரீட்ரெட் பண்ணிரலாமேன்னாரு. அப்புறம் பீரோவத் தெறந்தாரு." சீப்பிலிருந்து முடியை எடுத்துச் சுருட்டினாள். "என்ன மாதிரி ஆளுங்க நீங்க. வீடு பூந்து திருடன்னு சொல்லிருக்கீங்க, அதுவும் அவரு வீட்லயே."

அவள் போனபின் துண்டை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன். விளையாட்டில் போய் நம்பரைப் பார்த்தேன். சுத்தமான நம்பர், எங்கள் கடையில் விற்றது. ஆனால் தாடியின் பொறி நம்பரைப் பார்க்காது, தேதியை மட்டும்தான் பார்க்கும். அப்புறம் திரையின் கீழ் மூலையைப் பார்த்தேன். அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை இன்னும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்கள் விளையாட்டு யார் மண்டையிலும் உதிக்கவில்லை. ஜனவரி ஒன்று, பல வருஷம் முன்னால். கடிகாரத்தை ஓட்டுகிற உள் பேட்டரி செத்திருந்தது. சுவிட்சை அணைத்தால் தேதி போய்விடும், மறுபடி போட்டால் ஆரம்பத்திலிருந்து. நெட் இருந்தால் தானே சரியாகிக்கொள்ளும். அவருக்கு நெட் கிடையாது. யாரும் எதையும் பின்னால் தள்ளிவைக்கவில்லை. பெட்டிக்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் சீக்கிரமே ஆபீஸுக்குப் போனேன். தாடியிடம் சொன்னதும் அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கூரையைப் பார்த்தான். "பேட்டரியா? சே. அத யோசிக்கவே இல்லடா." பிறகு, கொஞ்சம் பொறாமையோடு என்றுகூடச் சொல்லலாம், இன்னொன்றும் சொன்னான். "ஆனா திருட்டுக் காப்பில சுத்தல் இப்ப இல்ல தெரியுமா? ரெண்டாவது வாரமே எவனோ வழிச்சு எடுத்துட்டான். நம்மள விடச் சுத்தமா பண்ணிருக்கான். திருடினவனுக்கெல்லாம் ஊர் வந்துருச்சு."

பழைய மெயில்களைத் திறந்து உட்கார்ந்தேன். வாங்கினேன் என்று எழுதியவர்களை மட்டும் பிரித்தேன். நான் சிரித்துக்கொண்டே வாசித்தவை. இப்போது வாசித்தால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே ஆள். என் கம்ப்யூட்டர் பழசு, அதனால் இருக்குமோ என்கிறார் ஒருவர். ஊருக்குப் போனால்தான் நெட், இங்கே இல்லை. அண்ணன் கொடுத்த பெட்டி என்கிறார் இன்னொருவர். புதுப் பெட்டியும் நெட்டும் வைத்திருப்பவன் காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். பழைய பெட்டி வைத்துக்கொண்டு, எங்கள் விலையை எண்ணி எண்ணிக் கொடுத்தவன்தான் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தான். எல்லோருக்கும் ஒரே விலை என்று மேடம் பெருமையாகச் சொல்வார். ஒரே விலை, ஆனால் அது எல்லோருக்கும் ஒரே கனம் இல்லை. கனமாகக் கொடுத்தவர்களுக்குத்தான் என் பதில் போயிருந்தது.

மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். மேஜையில் ஆறிப்போன டீ இருந்தது, அதில் ஆடை படிந்திருந்தது.

"தாடி, அத எடுத்துரு. அடுத்த அப்டேட்ல, சத்தமில்லாம."

"நெட் இல்லாதவங்களுக்கு அப்டேட் எப்படி மேடம் போகும்?" என்றேன்.

"போறவங்களுக்குப் போவட்டும்."

"திருடன்னு எழுதினோமே. அவங்களுக்கு?"

"எழுதாத. கால்ல விழுந்து சொல்றேன், எதுவும் எழுதாத." குரல் உயரவில்லை. "ஒருத்தன் அந்த மெயிலப் படம் புடிச்சுப் போட்டான்னு வை, காசு குடுத்தவனத் திருடன்னு சொன்ன கம்பெனின்னு ஊரே பேசும். இருக்கிற வியாபாரமும் போச்சு. இங்க ஆறு வீட்ல ஒல கொதிக்கணும். உன் வீட்டையும் சேத்து ஏழு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் தொந்தரவு. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். ராத்திரி எல்லோரும் போனபின் மெயில்களை மூடினேன், திறந்தேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. மறந்திருப்பார்கள், வேறு விளையாட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் சுவிட்சை அணைத்துவிட்டு வாசல் படியில் போய் உட்கார்ந்த ஆள் ஒருவர் அல்ல என்பது இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அதைத் தெரியாததாக்க வழியில்லை. எழுதினேன். ஊர் வராதது உங்கள் தப்பில்லை, எங்கள் தப்பு. உங்களைத் திருடர் என்று எழுதியவன் நான். உங்கள் கம்ப்யூட்டரில் பேட்டரியை மாற்றித் தேதியைச் சரியாக வையுங்கள், பாதை இறங்கும். வாங்கினேன் என்று சொன்ன அத்தனை பேருக்கும் அனுப்பினேன். அதில் நிஜத் திருடர்களும் இருப்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

வரும் வழியில் கடிகாரக் கடை திறக்கும்வரை காத்திருந்து பேட்டரி வாங்கினேன். காசு மாதிரி வட்டமாக, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு டீயின் விலைதான். மாமனார் வாசல் படியில் செய்தித்தாளோடு இருந்தார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன், அவரைத் தாண்டி உள்ளே போனேன். கூடத்தில் உட்கார்ந்து பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே பஞ்சு மாதிரி தூசி. இருட்டில் பேட்டரி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தடவிக்கொண்டிருந்தபோது தோளுக்கு மேலிருந்து வெளிச்சம் விழுந்தது. டார்ச்சோடு நின்றிருந்தார்.

"பேட்டரியா?"

"ஆமா மாமா. இது செத்திருச்சு. காப்பி நல்ல காப்பிதான்."

"நல்ல காப்பின்னு எனக்குத் தெரியும்."

டார்ச் அசையவில்லை. பழையதை நெம்பி எடுத்துப் புதியதை வைத்தேன். தகட்டை மூடினேன். தேதியைச் சரியாக வைத்ததும் அந்தப் பெட்டி அத்தனை வருஷத்தையும் ஒரே தாவாகத் தாவி இன்றைக்கு வந்தது. மன்னித்துவிடுங்கள் என்று தொடங்கினேன். அவர் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார், அது காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

லாரி நின்ற இடத்திலிருந்து கிளம்பியது. ஒரு வளைவு. இன்னொரு வளைவு. மூன்றாவதில் பாதை சரிந்தது. விளக்குகள் பெரிதாயின, தனித்தனி வீடுகளாயின, ஒரு வீட்டின் மொட்டைமாடியில் துணி காய்வதுகூடத் தெரிந்தது. ஊர் எல்லைப் பலகைக்குச் சற்று முன்னால் அவர் வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரம் கட்டிக் கைபிரேக்கைப் போட்டார். இன்ஜினை அணைக்கவில்லை.

"ஏன் மாமா நிறுத்திட்டீங்க? அதோ வந்துருச்சு."

"ஊருக்குள்ள போனா நிறுத்த எடம் கெடைக்காது. டீ குடிச்சிட்டு எறங்கலாம்." எழுந்து சமையலறைப் பக்கம் போனார். போகிற போக்கில், "உங்களுக்கும் போடட்டா?" என்றார். மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. மகளைக் கூப்பிட்டு அவரிடம் கேள் என்றும் சொல்லவில்லை.

சட்டைப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தேன், மேடம். ஒருமுறை அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. திரையில் லாரி ஊருக்கு மேலே நின்றபடி உறுமிக்கொண்டிருந்தது, முன்விளக்கில் பனி மெதுவாக இறங்கியது. உள்ளே அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது. அதிர்கிற போனைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே எரிகிற ஜன்னல்களைப் பார்த்தபடி நின்றேன்.