கருப்பாயி சொல்லாத பெயர்

காணாமல் போய் முப்பத்தைந்து வருஷமான என் அப்பா, என் மகன் கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது வந்து சேர்ந்தார். ஆவியாக அல்ல, அங்கம்மாவின் வாய் வழியாக.

லாயாங் லாயாங் ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், எங்கள் லயத்துக்கு எதிர் லயம் அங்கம்மாவுடையது. கல்யாணப் பெண் செல்வராணி அவள் வளர்த்த பிள்ளை. அங்கம்மா கோத்தா திங்கி ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த காலத்தில், பெற்றவள் காய்ச்சலில் செத்துப்போக, கைக்குழந்தையைத் தூக்கிப்போய் ஆளாக்கினாள். இந்தத் தோட்டத்துக்கு அவர்கள் வந்து எட்டு வருஷம்தான் ஆகிறது. கல்யாணத்துக்கு முன்னால் செத்தவர்களுக்குப் படைக்க வேண்டும் இல்லையா? பெண் வீட்டில் யார் யாருக்கு இலை போடுவது என்று கேட்கப் போயிருந்தேன்.

"பெத்தவ கருப்பாயி. அப்பன் வேலு, மரம் விழுந்து செத்தவன், அவன நான் பாத்ததில்ல. அப்புறம் தாத்தா. பாவம், மாசத்துக்கு ஒருக்கா வந்து புள்ளையப் பாத்துட்டுப் போவாரு. ஐயாசாமின்னு பேரு. நொச்சிப்பட்டியாம். இடது கையில ரெண்டு வெரலு இருக்காது, கரும்பாலையில போச்சும்பாரு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எந்த வழித் தாத்தா? அப்பனுக்கு அப்பனா, ஆத்தாளுக்கு அப்பனா?"

"யாருக்குத் தெரியும்? ரெண்டு புள்ளையையும் மண்ணுக்குக் குடுத்துட்டேன்னு அழுவாரு. அதுக்கு மேல கேக்க மனசு வரல. அவரும் போய்ப் பத்து வருசமாச்சு. ஏன் கிருஷ்ணம்மா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?"

"வெயிலு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் அப்பா பெயர் ஐயாசாமி. ஊர் நொச்சிப்பட்டி. வடக்கே கரும்புத் தோட்டத்தில் இருந்தபோது ஆலை அவருடைய இரண்டு விரல்களைத் தின்றது. எனக்கு ஐந்து வயசில், "ரயில் பாதை போடுறாங்க, போயிட்டு வந்துடறேன்" என்று போனவர்தான். அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தெற்கே வந்தாள். எங்கே போனாலும் அவருடைய பெயரைச் சொல்வது என் வேலை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பியவள் அம்மா. எனக்கு அம்மை போட்டிருந்த சமயத்தில் ஜொகூர் பாரு ரயில்வே ஆபீசுக்குத் தனியாகப் போனாள். பெயரென்ன என்று கேட்டார்களாம். விரல் இல்லாததைச் சொன்னாள், நடையைச் சொன்னாள், காது மச்சத்தைச் சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை. பெயரோடு வா என்று அனுப்பிவிட்டார்கள். குங்குமம் அழியாமல்தான் செத்தாள். அந்தக் குங்குமத்துக்குச் சொந்தக்காரர் கோத்தா திங்கியில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு பேத்தியைக் கொஞ்சியிருக்கிறார்!

கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன். அதைவிடப் பெரிய பயம் முன்னால் நின்றது. அந்த வேலு என் அப்பாவின் மகன் என்றால் எனக்குத் தம்பி. செல்வராணி என் கனகராஜுக்கு மாமன் மகள், முறைப்பெண். கொண்டாட வேண்டிய சங்கதி. ஆனால் கருப்பாயி அவருடைய மகள் என்றால் எனக்குத் தங்கை. அப்போது செல்வராணி கனகராஜுக்குத் தங்கச்சி. கூடப்பிறந்தவளுக்கா தாலி கட்டுவான்?

சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படியும் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். பந்தக்கால் ஊன்றியாகிவிட்டது. அவனோ அவள் பெயரைக் கேட்டாலே அசடு வழிகிறவன். ஆனால் நாளைக்கு ஒரு பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, தெரிந்தே செய்தேன் என்று எப்படி உட்கார்ந்திருப்பேன்?

மறுநாள், பட்டுச்சேலை எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு கனகராஜோடு ரயில் ஏறினேன். ஜொகூர் பாருவில் இறங்கியதும் துணிக்கடைப் பக்கம் திரும்பியவனை, கோத்தா திங்கி பஸ்ஸில் ஏற்றினேன்.

"அங்க என்னம்மா பட்டு கெடைக்கும்?"

"வாய மூடிட்டு வாடா."

பஸ்ஸில் அவன் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். எனக்கு அழுகையாக வந்தது.

ஆஸ்பத்திரி ஆபீசில் சோமசேகரம் என்ற கிளார்க் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பழைய புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்றதும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"கண்டபடி எல்லாருக்கும் காட்டேலாது. நீங்கள் ஆர்? உங்கட பேர், புருசன்ர பேர் சொல்லுங்கோ."

என் பெயரைச் சொன்னேன். அடுத்ததற்கு மகன் முதுகில் இடித்தேன்.

"காளியப்பன்" என்றான் அவன்.

"ஏன், அம்மாவுக்குத் தெரியாதோ?" என்று சிரித்தார் கிளார்க். எனக்கு எரிந்தது. அம்மாவைக் குறை சொல்கிற எனக்கும் அந்தப் பெயர் வாயில் வந்ததில்லை. "செத்தவ ஒருத்தி எனக்குத் தங்கச்சியா இல்லையான்னு தெரியணுங்க. அவ மக இந்தப் பயலக் கட்டிக்கப் போறா" என்றேன்.

அதுவரை அவன் வாயில் முணுமுணுப்பாக ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. கனகராஜ் என்னையே பார்த்தான். "அலமாக்! என்னம்மா சொல்ற?" சொன்னேன், எல்லாவற்றையும். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது. "வேணாம்மா, பாக்க வேணாம், வீட்டுக்குப் போலாம்" என்று என் முந்தானையைப் பிடித்தான். நாலு வயசில் பிடித்த மாதிரி. அவன் கையை விலக்கினேன். அன்று நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான்.

சோமசேகரம் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. பதினாறு வருஷத்துக்கு முந்தைய புத்தகத்தைத் தேடி எடுத்து வந்தார். ஏதோ ஒரு வெள்ளத்தில் குளித்த புத்தகம், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அடிமட்டத்தின் முனையை நுழைத்து மெள்ளப் பிரித்தார். ஓரிடத்தில் தாள் கிழிந்தது. எனக்கு நெஞ்சே கிழிந்தது போல இருந்தது. தீபாவளி கழிந்த மாதத்தில் அவள் கிடைத்தாள்.

"கருப்பாயி. வயது பதினெட்டு. காய்ச்சல். கைக்குழந்தை, பெண். புருசன் வேலு, காலமாயிட்டார், இது கூட வந்த கிழவர் சொன்னது." விரலை நகர்த்தினார். "தகப்பன் பேர் எண்ட இடத்தில மை பரவிப்போச்சு. ஒண்டும் விளங்கேல்லை."

கனகராஜ் சுவரில் சாய்ந்துவிட்டான்.

"வேற ஏதும் இருக்கா ஐயா? ஒரு எழுத்து விடாம படிங்க."

"கீழ ஒரு குறிப்பிருக்கு. ஆனா அது உதவாதம்மா. கூட்டிக்கொண்டு வந்த கிழவன்ர பேர் என்னெண்டு மூண்டு தரம் கேட்டும் நோயாளி சொல்லேல்லையாம். கையால மட்டும் காட்டினாவாம். பிறகு கிழவனே தன்ர பேர் ஐயாசாமி எண்டு சொல்லியிருக்கிறார். பேர்கூடத் தெரியாத ஆள். ஆரோ வழியில கண்டவர் போல."

"இன்னொரு தரம் படிங்க."

படித்தார். நான் மேஜைப் பக்கம் குனிந்தேன்.

"தெரியாம இல்லைங்க. தெரிஞ்சுதான் சொல்லல" என்றேன். "பெத்த அப்பன் பேரச் சொல்ல எந்தப் பொண்ணுக்குங்க வாய் கூசும்? நான் சின்னதுல ஊர் ஊரா அந்தப் பேரக் கத்திக்கிட்டு வந்தவ. புருசன் பேரச் சொல்ல மாட்டோம். புருசனப் பெத்தவரு பேரையும் சொல்ல மாட்டோம். காய்ச்சல்ல கெடந்தவகிட்ட மூணு தரம் கேட்டும் சொல்லலன்னா அவரு அவளுக்கு மாமனாரு. அவ அந்த வீட்டு மருமக."

சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றினார். "மெய்தான். என்ர மனுசியும் என்னைப் பெத்த ஐயாவின்ர பேரைச் சொல்ல மாட்டா" என்றார்.

கனகராஜ் என் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதான். நானும் அழுதேன். அவன் அழுதது கல்யாணத்துக்காக. நான் அழுதது எனக்கும் ஒரு தம்பி இருந்தான் என்பதற்காக. இவனுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இல்லாமல், கங்காணியின் மச்சானைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். அன்றைக்கு என் தம்பி இங்கேதான் எங்கேயோ மரம் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு நாள் பயணம். இதை நினைத்தால் இன்றைக்கும் ஆறவில்லை.

படையல் அன்று அங்கம்மாவின் லயத்தில் நானே இலை போட்டேன். கருப்பாயிக்கு ஒன்று. என் தம்பி வேலுவுக்கு ஒன்று, சுருட்டும் கள்ளும் வைத்து. நடுவில் என் அம்மாவுக்கு ஒன்று, குங்குமச்சிமிழோடு. விஷயம் தெரிந்த அங்கம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஐயாசாமிக்கு?"

"எங்கம்மா சாப்பிடட்டும். அதுவரைக்கும் அவரு காத்துக்கிட்டு நிக்கட்டும்."

சாம்பிராணிப் புகை மெள்ள அடங்கியது. செல்வராணி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் எழுந்து, ஓரமாக ஒரு சின்ன இலையைப் போட்டுச் சோறு வைத்தேன். செத்தவர்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அம்மா ஒருநாளும் அழைக்காத பெயர்.

வாசலுக்கு வந்து, பால் மரக் காட்டைப் பார்த்து, எதிர் லயத்துக்கெல்லாம் கேட்கும்படி கத்தினேன்: "ஐயாசாமி! நொச்சிப்பட்டி ஐயாசாமி! ஒம் பொண்டாட்டி கூப்பிடுறா, வந்து சாப்பிடு!"