பகலிலும் கேட்கலாம்

அரை வோல்ட்டுக்கும் கீழே மின்னழுத்தத்தைக் குறைத்தும் தான் வடிவமைத்த சிப் பிழையில்லாமல் ஓடியபோது, பிரான்ஸின் கிரெனோபிள் நகர ஆய்வுக்கூடத்தில் சொலீன் வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று வருட உழைப்பு. அந்தச் சிப் பொருத்திய முதல் காதுக்கருவியைச் சோதனைக்காகக் கணவன் காஸ்பாரின் காதில் அவளே மாட்டிவிட்டாள்.

"இது சார்ஜைத் துளித்துளியாத்தான் குடிக்கும். நாலு நாள் தாங்கும்."

"அப்போ பகல்லயும் போட்டுக்கலாமா?"

"ஏன், இதுவரைக்கும் போடலையா?"

காஸ்பார் தயங்கினான். "பழைய கருவியில சார்ஜ் சாயங்காலத்துக்குள்ள தீர்ந்துடும்டி. நீ வீட்டுக்கு வந்து பேசறப்ப கேக்கணுமே. அதான் பகல்ல அணைச்சு வெச்சிருவேன்."

"அடப்பாவி! உன் தச்சுப் பட்டறையில எல்லாரும் உன்னை, கூப்பிட்டாக்கூடத் திரும்பாத திமிர் புடிச்சவன்னு சொன்னாங்களே!"

"சொன்னாங்களா? எனக்குக் கேக்கலையே."

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பியபோது, படியிறங்கும் காலடிச் சத்தம் ஓயும்வரை அவன் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.