புயலைச் சுற்றிக்கொண்டு, மாமியார் வீட்டு வழியாக

புயல் நெருங்குகிறது, கடற்கரைச் சாலையை மூடிவிட்டார்கள் என்று பெட்ரோல் பங்க்காரர் சொன்னதும், மாப்பிள்ளைக்குப் புயலைவிட செல்போன் வரைபடத்தைப் பார்த்துத்தான் பயம் வந்தது. கலங்கரை விளக்கம்வரை தன்னந்தனியாகப் பைக்கில் போய், அலைகளைப் பார்த்தபடி வாழ்க்கையைப் பற்றி யோசிக்கலாம் என்று கிளம்பியவர் அவர். இப்போது வீடு திரும்ப மிச்சமிருந்தது ஒரே ஒரு உள்வழி. அது நேராக மாமியார் வீட்டு வாசலைத் தொட்டு, வளைந்து, அப்புறம்தான் நெடுஞ்சாலையைப் பிடிக்கிறது.

அந்த மாமியார்தான் முந்தாநாள் போன் செய்து, வெள்ளம் வருவதற்குள் பீரோவை மாடிக்கு ஏற்ற வேண்டும், வந்து ஒரு கை பிடியுங்கள் என்று கூப்பிட்டிருந்தார். "எழுந்து உட்காரவே முடியல அத்தை. இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்று இவர் முனகியிருந்தார்.

மனைவிக்குப் போன் போட்டார்.

"வேற வழியே இல்லையா?" என்றாள் அவள்.

"இருக்கு. புயலுக்குள்ள."

"அப்ப புயலுக்குள்ளயே போங்க. அம்மாகிட்ட மாட்டினீங்கன்னா, இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுவேன்."

உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்தார். புயல் ஓரிரு நாளில் வலுவிழந்துவிடும் என்று வானிலை அறிக்கை சொன்னது. மாமியாரைப் பற்றி அப்படி எந்த அறிக்கையும் வந்ததில்லை. இருந்தாலும் உயிர் யாருக்குத்தான் வெல்லமில்லை? வண்டியை உள்வழிக்குத் திருப்பினார்.

புது வண்டி, மாமியார் பார்த்ததில்லை. ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியை இறக்கி, மழைக்கோட்டைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார். கண் இமைப்பதற்குள் கடந்துவிடலாம்.

தெருமுனை திரும்பினால், நடுத்தெருவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மாமியார்.

"தம்பி, நில்லுப்பா! கடவுள் மாதிரி வந்தே. ஒரு பீரோவை மேல ஏத்தணும்."

"சரிம்மா" என்றார் குரலை மாற்றி. அது அவருக்கே கரடி உறுமினமாதிரி கேட்டது.

"ஹெல்மெட்டைக் கழட்டிக்கோயேன்."

"வேண்டாம்மா. ஜலதோஷம்."

பீரோவுக்குக் கீழ்ப்பக்கம் இவர், மேல்பக்கம் மாமியார். படிக்குப் படி மாமியார் புலம்பினார்.

"எனக்கும் ஒரு மாப்பிள்ளை வாய்ச்சிருக்காரே, தண்டம்! கூப்பிட்டா வரமாட்டாரு. நீ யாரு பெத்த பிள்ளையோ, முகம்கூடத் தெரியல, எவ்வளவு தங்கமா தூக்குறே! எம்பொண்ணுக்கு உன்ன மாதிரி ஒருத்தனைப் பார்த்திருக்கணும்."

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. படிக்கட்டு திரும்பும் இடத்தில், அந்த ஹெல்மெட்காரன்மேல் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து தனக்குக் கிடைக்காத நல்ல பெயரை, எவனோ வழிப்போக்கன் வந்ததும் வராததுமாகத் தட்டிக்கொண்டு போகிறான்!

"அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்று பொங்கினார். "இடுப்பு பிடிச்சுக்கிட்டா மனுஷன் என்னதான் பண்ணுவாரு, பாவம்?"

பீரோ நின்றது. அதன் தலைக்கு மேலாக மாமியார் எட்டிப் பார்த்தார்.

"அவருக்கு இடுப்பு வலின்னு நான் சொல்லவே இல்லையே?"

ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்தது. விட்டுவிட்டு ஓடலாம்தான், ஓடினால் பீரோவும் கூடவே ஓடி வரும்.

"மாப்பிள்ளை" என்றார் மாமியார், மரியாதை துளியும் குறையாமல். "பிடியை விட்டுடாதீங்க. முதல்ல இது மேல போகட்டும். அடுத்து கட்டில் இருக்கு, ஃப்ரிட்ஜ் இருக்கு, துணி துவைக்கிற மிஷின் இருக்கு. எல்லாத்தையும் ஏத்தி முடிச்சிட்டு நிதானமா பேசிக்கலாம்."

"சரி அத்தை" என்றது ஹெல்மெட், தன் சொந்தக் குரலில்.