தடத்தின் குறுக்கே ஓலை

2019 மார்ச் முதல் வாரத்தில், லைபீரியாவின் போங் மாவட்டத்தில், வோலோட்டா ஊர்க்காரர்கள் சந்தைச் சாலையிலிருந்து தங்கள் ஊர்வரை பைக் போகும் தடத்தை வெட்டி முடித்தார்கள்.

தடம் நோவாயின் வாசலைத் தொடவில்லை. பழைய ஒற்றையடிப் பாதை அவள் குடிசையை ஒட்டித்தான் போனது. சந்தை நாளில் சுமையோடு நடக்கும் பெண்கள் அங்கே இறக்கி வைத்து, தண்ணீர் குடித்து, அவளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். புதிய தடம் ஓடைக்கு அந்தப் பக்கமாக மேட்டில் ஏறிப் போய்விட்டது. அவள் இருந்தது ஊரல்ல, அரையூர்: எண்ணெய்ப்பனைகளுக்கு நடுவே ஒரு குடிசை, எண்ணெய் மிதிக்கும் குழி, கணவனைப் புதைத்த மேடு. கூட இருந்த இரண்டு குடும்பங்களும் போன மழைக்கு முன்பே ஊருக்குள் போய்விட்டன.

கோடை முடியும்வரை அவள் தனியாளாகக் கிளைத் தடம் ஒன்றை வெட்டினாள். பிரியும் இடத்திலிருந்து தன் வாசல்வரை புதரை வெட்டினாள். டயரைக் கிழிக்குமென்று ஒவ்வொரு முளையையும் வேரோடு தோண்டி எடுத்தாள். மிச்சம் இருந்தது ஓடை மட்டும். பலகை கேட்டுக் கணவனின் தம்பி கலக்பாயிடம் போனாள். தடத்து வேலைக்கு அவர்தான் தலைவர்.

"பலகை தரேன், அண்ணி. ஆனா ரெண்டு சந்தைக்குள்ள ஒரு பைக்காவது உன் பக்கம் வரணும். இல்லைன்னா எடுத்து மேல் ஓடைக்குப் போட்டுருவேன். அங்க பிள்ளைங்க இடுப்பளவு தண்ணியில பள்ளிக்கூடம் போகுது."

"வரும்."

"வரலைன்னா ஊருக்குள்ள வந்துரு. நீ காவல் இருக்கேன்னு எங்க அண்ணன் எழுந்தா வரப்போறான்?"

"அவருக்கு என்ன காவல்? என் மரத்துக்குக் காவல். உன் வீட்டுக்கு வந்தா உன் ரெண்டு பொண்டாட்டிக்கும் நடுவுலதான் பாய் போடணும். அதுக்கு இந்தத் தவளைச் சத்தமே தேவல."

கலக்பாய் சிரித்துவிட்டார். பலகைகள் வந்தன.

சாலைச் சந்திப்பில் வாடகைக்குப் பைக் ஓட்டும் வார்னிக்குச் சொல்லியனுப்பினாள். முதல் சந்தை நாள் காலையில் வருகிறேன் என்று பதில் வந்தது. பெரிய மனிதர் யாராவது வந்தால் வோலோட்டாவில் பனையோலை வளைவு கட்டுவார்கள். அவளும் முந்தைய நாள், தடம் பிரியும் இடத்தில் இரண்டு கழி நட்டு ஒரு வளைவு கட்டினாள். அன்று இரவு காற்று பலமாக அடித்தது.

காலையில் சோறும் மரவள்ளிக்கீரைக் குழம்பும் அடுப்பிலிருந்து இறங்கியபோது இஞ்சின் சத்தம் கேட்டது. நெருங்கியது. ஓடைக்கு அப்பால் நின்றது. கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டே இருந்தது. பிறகு வந்த வழியே வேகமாகப் போய்விட்டது.

அவள் எழுந்து பார்க்கப் போகவில்லை. வந்தவன் அவள் வெட்டிய தடத்தைப் பார்த்து, இதில் எவன் போவான் என்று திரும்பிவிட்டதாகவே நினைத்தாள். தட்டுப் போட்டு மூடிய சோறு மாலைவரை அப்படியே இருந்தது.

மறுநாள் சாலைச் சந்திப்பில் விற்கலாமென்று ஒரு கேன் எண்ணெயைத் தலையில் ஏற்றி நடந்தாள். பிரியும் இடத்தில் ஒரு கழி சாய்ந்து கிடந்தது. ஓலை அவிழ்ந்து, தடத்தின் குறுக்கே நெஞ்சளவில் தொங்கியது.

அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே ஆண்களின் ரகசியக் காட்டுச் சங்கம் கூடியிருக்கிறது. பெண்ணோ வேற்றாளோ தாண்டக் கூடாது. தன் கையால் வெட்டிய ஓலை என்று தெரிந்தும் நோவாய்க்குக் கால் எழவில்லை. பிறகு கேனை இறக்கிவிட்டுக் கத்தியை எடுத்து ஓலையை அறுத்தாள்.

சந்திப்பில் வார்னி மற்ற ஓட்டுநர்களோடு நிழலில் உட்கார்ந்திருந்தான்.

"வந்தேன், பெரியம்மா. ஓலை கட்டியிருந்துச்சே. எங்க கடற்கரைப் பக்கமும் சங்கம் உண்டு, நானும் அதுல உள்ளவன்தான். ஆனா இது என் காடு இல்லையே. திருப்பின வேகத்துல செருப்பு ஒண்ணு விழுந்துருச்சு, அதைக்கூட எடுக்கல."

"அது உன்னை வரவேற்கக் கட்டினது."

பக்கத்தில் இருந்தவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "வார்னிக்கு வளைவாம்டா. மந்திரி பயந்து ஓடிட்டாரு."

"அடுத்த சந்தைக்கு வா," என்றாள் நோவாய். "ஒண்ணும் கட்ட மாட்டேன்."

"சோறு இருக்குமா?"

"நேத்தும் இருந்துச்சு. கோழி தின்னுச்சு."

அடுத்த சந்தை நாளில் பலகைகள் கடகடத்தன. வார்னி வாசல்வரை வந்து நிறுத்தினான். நின்றபடியே பாதிச் சோறு தின்றான். மஞ்சள் கேன்களை இருக்கையின் பின்னால் அடுக்கி, ரப்பர் வாரால் இறுக்கினான். நோவாய் சந்தைத் துணி உடுத்தி, தலைக்கட்டுக் கட்டித் தயாராக நின்றாள்.

"நீ எங்க உக்காருவ, பெரியம்மா? கேன் இருக்கே."

"நடந்து வரேன்."

"எதுக்கு? நீ வந்து சேர்றதுக்குள்ள சந்தை கலைஞ்சிரும். உங்க ஊர்ப் பொம்பளைங்ககூட இப்ப நடக்கிறதில்ல. நானே வித்துக் காசக் கொண்டாந்து தரேன்."

சத்தம் மேட்டில் ஏறி மறையும்வரை நின்றாள். பிறகு தலைக்கட்டை அவிழ்த்து மடித்து வைத்தாள்.

அன்று மாலை வார்னி காசைக் கொடுத்துவிட்டுப் போனான். மேல் ஓடைக்குக் கலக்பாய் வேறு மரம் வெட்டிப் போட்டார். பலகைகள் நோவாயின் ஓடையிலேயே இருந்தன. அந்த மழைக்காலம் முழுக்கச் சந்தை நாட்களில் பைக் வந்து எண்ணெய் ஏற்றிப் போனது. மற்ற நாட்களில் அந்தத் தடத்தில் யாரும் வரவில்லை.